பத்தனையில் பேர் கூப்பிட்ட அன்று

போன மாதம் ஹல்துமுல்லையில் ஒரு கூட்டம் போட்டார்கள். காட்டுத் தீ அணைக்கிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான கூட்டம். அரசாங்கம் தருகிற அவசர நிதியில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது என்று இப்போது இருக்கிற அதிகாரி அம்மா சொன்னார். இனிமேல் தீ என்று தெரிந்தால் ஆட்கள் முதலில் மேலே ஏறலாம். பேர்ப் பட்டியலை அன்றைக்குள் அனுப்பினால் போதும். கூலி, சாப்பாட்டுப் பார்சல், தண்ணீர் பவுசர் வண்டிக்கு டீசல் எல்லாம் கிடைக்கும். அதைச் சொல்லிவிட்டு, பெருமாள் ஐயா பழைய ஆள், இரண்டு வார்த்தை பேசுவார் என்று என்னைக் கூப்பிட்டார்.

எழுந்து நின்றேன். காற்று எப்போதும் முதுகுப் பக்கம் இருக்கட்டும் என்று ஏதோ சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கையில் கொடுத்த பாலில்லாத சாயத்தண்ணி குடிக்காமலே ஆறிப்போனது.

முதலில் ஏறலாம் என்று அந்த அம்மா எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

கூட்டம் முடிந்ததும் அம்மா பக்கத்தில் வந்து, பேச வராவிட்டால் எழுதிக் கொடுங்கள், தீ வேலைக்காரருக்குச் சின்னப் புத்தகம் ஒன்று போடுகிறோம் என்றார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒன்பது வயதில் கொழுந்துக் கூடைக்குப் பின்னால் போனவன். அதனால் ஜோசப் கிளாக்கரிடம் வந்தேன். தீ வேலைக்கு நாங்கள் போன காலத்தில் ஆபீஸில் பேர் எழுதினவர் அவர்தான். அவரும் ஓய்வு பெற்று ரோட்டோரத்தில் சின்ன வீடு கட்டியிருக்கிறார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். என் பேச்சைப் புத்தகப் பேச்சாக ஆக்குவது அவர் வேலை. நடந்ததைச் சொல்வது என் வேலை.

முதலில் எங்கள் மலையைச் சொல்கிறேன். கீழே தேயிலை. அதற்கு மேலே எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பிரா, ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. லயத்துக்கு மேலே ஒரு கான், மழைத்தண்ணீர் ஓட வெட்டினது. கானுக்கு மேலே பைனஸ் மரங்கள். அதற்கும் மேலே பத்தனை. பத்தனை என்றால் மரமில்லாத புல்வெளி, மானாப்புல் ஆள் இடுப்பு வரைக்கும் நிற்கும். ஆடியில் காற்று கிளம்பினால் ஆவணி முடியும் வரை அந்தப் புல் காய்ந்து உரசிச் சத்தம் போட்டபடியே இருக்கும். யாராவது பீடியைப் போடுவான். இல்லாவிட்டால் மாட்டுக்குப் புதுப்புல் வேண்டும் என்று எவனாவது கொளுத்துவான். வருஷம் தவறாமல் எரியும்.

தீ அணைக்க எனக்கு யாரும் படிப்புச் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் கையில் பச்சைக் கொப்பைக் கொடுத்து, அடிடா என்றார்கள். அடித்தேன். புருவம் கருகினது. அவ்வளவுதான் என் பயிற்சி. தீயைத் தூக்கி அடிக்கக் கூடாது, அமுக்கி அடிக்க வேண்டும் என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. தூக்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் போய்ப் பிடிக்கும்.

அந்தக் காலத்தில் நிதியும் கிடையாது, கூலியும் கிடையாது. பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். தீ என்றால் அதை யாராவது அடிப்பார்கள். சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். கத்தியோடு ஓடினவன் உண்டு, வாயில் ரொட்டியோடு ஓடினவன் உண்டு. யார் வந்தான், யார் வரவில்லை என்று எவனும் பார்த்ததில்லை. அணைத்துவிட்டு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுப்போம்.

பிறகு ஒரு வருஷம் தீ பெரிதாகிப் பல தோட்டங்களில் பிடித்துவிட்டது. அதற்கப்புறம்தான் அரசாங்கம் அவசர நிதி என்று ஒதுக்கினது. ஒரு அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் சிவபாலன். ஒவ்வொரு தோட்டத்திலும் ஆள் பிடித்துக் கூட்டம் அமைத்தார். எங்கள் கூட்டத்துக்கு என்னைக் கங்காணியாக வைத்தார். எழுதத் தெரியாதுங்க என்றேன். பேர் கூப்பிடத் தெரியுமா என்று கேட்டார். அது தெரியும் என்றேன்.

பேர் என்பது தோட்டத்தில் சின்ன விஷயமில்லை. பெரட்டில் பேர் பதிந்தால்தான் அன்றைய நாள் நாள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், பாதிக் கூலி. பேர் பதியும் முன்னால் மலையில் ஏறி எவ்வளவு வேலை செய்தாலும் அது வேலையில் சேராது. எங்கள் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். அதனால் ஐயா வந்து, தீக்கும் பேர் பதிந்துதான் ஏற வேண்டும் என்று சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. இதை யோசித்தால் இப்போதும் எனக்குத் திக்கென்றிருக்கிறது. தீ எரிகிறது, முதலில் வரிசையில் நில் என்று சொன்னார்கள். நாங்கள் நின்றோம். ஒருவனும் ஏன் என்று கேட்கவில்லை.

ஐயா கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியதும் கண்ணாடியைக் கழற்றி லேஞ்சிக் கைக்குட்டையால் துடைப்பார். பத்துப் பேர் கூப்பிட்டதும் இன்னொரு தடவை துடைப்பார். எங்களோடு பார்சல் சோறு சாப்பிடுவார், கடைசி ஆள் வாங்கின பிறகுதான் தன் பார்சலைப் பிரிப்பார். பட்டியலுக்கு அவர் சொன்ன காரணமும் நியாயமானது. எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரிந்தால்தான் எத்தனை பேர் இறங்கவில்லை என்று தெரியும் என்பார். ஏறும் முன்னால் நான் பேர் கூப்பிடுவேன். ஜோசப் கிளாக்கர் ஜீப்பின் மூக்கில் தாளை வைத்து எழுதுவார். ஐயா கடைசியில் கையெழுத்துப் போடுவார். இறங்கினதும் மறுபடி கூப்பிடுவேன். அந்தத் தாள் அன்றைக்கே பதுளைப் பெரிய ஆபீஸுக்குப் போகும்.

நான் பேர் கூப்பிடுவது லயத்தில் நடந்து போகிற மாதிரி. கண்ணை மூடினால் முதல் காம்பிரா கதவு தெரியும். உள்ளே யார், அவன் பேர். அடுத்த கதவு. கடைசிக் காம்பிரா முடிந்ததும் கீழ் லயத்துக்கு இறங்குவேன். ஒரு பேர் விட்டதில்லை. இப்போதும் சொல்வேன். செத்தவர்கள் பேரும் அந்தந்தக் கதவில் வந்துவிடும், அதுதான் கஷ்டம்.

ஏழாவது கதவு மாரிமுத்து.

மாரிமுத்து கான் வெட்டுகிறவன். என்னைவிட நான்கைந்து வயது இளையவன், அண்ணே என்றுதான் கூப்பிடுவான். கேலிக்காரன். நான் பேர் கூப்பிடும்போது, "அண்ணே, எங்க வீட்டு ஆட்டையும் ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுங்க, அதுவும் புல்லுக் கொறைக்கிற வேலைதான் பாக்குது" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். ஐயாவும் லேஞ்சியால் வாயைத் துடைப்பது மாதிரி சிரிப்பை மறைப்பார்.

இதற்கு நடுவில் ஒரு தவறு நடந்தது. அந்தத் தவறு என்னுடையது. ஒரு தீக்கு நான் பேர் கூப்பிட்டபோது பண்டாரவளைக்குப் போயிருந்த ஒருவனுக்காக அவன் தம்பி குரல் கொடுத்துவிட்டான். நான் கண்ணை மூடிக் கூப்பிடுகிறவன், கவனிக்கவில்லை. எப்படியோ பதுளைக்குத் தெரிந்து பட்டியல் திரும்பி வந்துவிட்டது. எல்லாருடைய கூலியும் நின்றது. லயத்தில் பெண்கள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஐயா பதுளைக்குப் போய்ப் பெரியவர் ஒருவர் முன்னால் நின்று பதில் சொல்லிவிட்டு வந்தார் என்று கேள்வி. என்னை ஏசவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பெருமாள், இனிமேல் கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டு கூப்பிடும். என்ர முன்னால நிக்கிற ஆக்களின்ர பேர் மட்டும். விளங்குதோ?"

விளங்குதுங்க என்றேன். ஏசியிருந்தால் மறந்திருப்பேன். ஏசாததால் அந்தச் சொல் எலும்பில் போய் உட்கார்ந்துவிட்டது.

அதற்கு அடுத்த ஆவணியில்தான் அந்தத் தீ.

காலை பத்து மணி இருக்கும். பத்தனை உச்சியில் புகை. காற்று மேலிருந்து கீழே எங்கள் லயத்தைப் பார்த்து அடித்தது. தண்டவாளம் அடித்தார்கள். நாங்கள் ரோட்டுக்கு ஓடினோம். மேலே ஓடவில்லை, ரோட்டுக்கு ஓடினோம், வரிசையில் நிற்க. ஜீப் வந்துகொண்டிருந்தது. நான் வரிசையைச் சரி செய்துகொண்டிருந்தபோது மாரிமுத்து மம்பட்டியைத் தோளில் போட்டபடி என் பக்கமாக வந்தான். முகத்தில் கேலி இல்லை.

"அண்ணே, கான் பூரா பைனஸ் எலை. நான் இன்னும் அள்ளல. காய் பத்திக்கிட்டு உருண்டு வந்தா நேரா லயம்தான். நான் மேல போறேன், எம் பேரையும் போட்டுக்கங்க."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பைனஸ் காய் தீப்பிடித்தால் விறகுக் கட்டை மாதிரி எரியும். சரிவில் உருண்டு உருண்டு வரும். கான் சுத்தமாக இருந்தால் அதற்குள் விழுந்து அணையும். கானுக்குள் காய்ந்த இலை கிடந்தால் கானே பற்றிக்கொள்ளும். கானுக்குக் கீழே பத்தடியில் எங்கள் கூரை. உள்ளே கைக்குழந்தைகள், நடக்க முடியாத கிழடுகள்.

நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பதை ஜோசப் கிளாக்கர் தெளிவாக எழுத வேண்டும். அவன் போய்விட்டான்.

ஜீப் வந்தது. ஐயா இறங்கினார், கண்ணாடியைத் துடைத்தார். கிளாக்கர் தாளை விரித்தார். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். ஆனால் வாய்க்கு லயத்து வழிதான் தெரியும். முதல் கதவு, இரண்டாம் கதவு. ஏழாவது கதவு வந்தது. மாரிமுத்து என்று வாய் கூப்பிட்டுவிட்டது.

பதில் இல்லை. ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"மாரிமுத்து எங்க?"

அந்த ஒரு நிமிஷத்தில் என் தலையில் ஓடினதைச் சொல்கிறேன். முன்னால் போய்விட்டான் என்று சொன்னால், பதியாமல் எப்படிப் போனான் என்று கேட்பார். அவனை இறக்கிக் கொண்டுவா, அது வரைக்கும் யாரும் ஏறக் கூடாது என்பார். பட்டியல் திரும்பும். மறுபடி கூலி நிற்கும். மறுபடி ஐயா பதுளையில் போய் நிற்பார். மேலே போய்ச் சேர்ந்ததும் அவன் எங்களோடு கலந்துவிடுவான், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"வரலைங்க" என்றேன்.

ஐயா கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் அடுத்த பேருக்குப் போனார். எனக்குப் பின்னால் நின்றவர்களில் யாருக்கும் மாரிமுத்து பேசினது கேட்கவில்லை. என்னோடு சேர்த்து முப்பத்திரண்டு பேர். கையெழுத்து ஆனதும் ஏறினோம்.

நாங்கள் போனது கிழக்குப் பக்கமாக. பத்தனையில் தீ அகலமாக வந்துகொண்டிருந்தது. இரண்டு ஆள் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கிக் கோடு வெட்டி, அதிலிருந்து எதிர்த்தீ போட்டு, கொப்பால் அடித்து ஒரு பக்கத்தை நிறுத்தினோம். மேற்குப் பக்கம் பைனஸுக்குள் இறங்கிவிட்டது. அங்கே போக முடியாத சூடு. புகையில் மூன்று முழத்துக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. நடுவில் காற்று திரும்பி மேல்நோக்கி அடித்ததும் தீ தானாகவே உட்கார்ந்தது. லயம் தப்பிவிட்டது. எல்லாரும் அதைத் தெய்வச் செயல் என்றார்கள். நானும் மாரியம்மனைக் கும்பிட்டேன்.

மூன்று மணிக்கு இறங்கினோம். மறுபடி பேர் கூப்பிட்டேன். அப்போது ஏழாவது கதவைத் தாண்டி நேராக எட்டுக்குப் போனேன். வாய்கூடப் பழகிவிட்டது பாருங்கள். முப்பத்திரண்டு போனது, முப்பத்திரண்டு வந்தது. ஐயா, "எல்லாரும் வந்திட்டினமோ பெருமாள்?" என்று கேட்டார். கணக்குச் சரிங்க என்றேன். கணக்குச் சரி என்று சொன்னதும் என் மனசும் சரி என்று இருந்துவிட்டது. மாரிமுத்து கானை அள்ளிப்போட்டுவிட்டு அந்த வழியாகவே லயத்துக்கு இறங்கியிருப்பான், ஆட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பும் பருப்பும்.

ஐந்து மணிக்கு லெட்சுமி வந்தாள், அவன் பெண்சாதி. கையில் அவன் குளிக்கிற துண்டு.

"அண்ணே, எல்லாரும் எறங்கிட்டீங்க. இவரு எங்க?"

 கானைப் பார்த்து ஓடினேன்.

கானுக்குள் கிடந்தான். மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை கான் சுத்தமாக இருந்தது. ஒரு இலை இல்லை. நெடுக, கறுப்புக் கறுப்பாக எரிந்து அணைந்த காய்கள், கூடை கூடையாக. அவ்வளவும் எங்கள் கூரைக்கு வந்த நெருப்பு. கீழ் முனையில் அவன் குப்புறக் கிடந்தான். முதுகிலும் கைகளிலும் தோல் இல்லை. மம்பட்டிப் பிடி கரியாகிக் கையோடு ஒட்டியிருந்தது. மூச்சு இருந்தது. பத்து மணியிலிருந்து அங்கேயே. எந்த நேரத்தில் விழுந்தான் என்று தெரியாது. நாங்கள் சோறு சாப்பிட்ட இடத்துக்கும் அதற்கும் கூப்பிடு தூரம்தான்.

திருப்பிப் போட்டேன். என்னைத் தெரிந்துகொண்டான்.

"பேரு போட்டாச்சாண்ணே?"

"போட்டாச்சுடா" என்றேன்.

ஜீப்பில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க ஐயாவின் கண்ணாடி புகையடித்து இருந்தது, துடைக்கவில்லை. நான்காம் நாள் மாரிமுத்து போய்விட்டான்.

செத்த வீட்டுக்கு ஐயா வந்து வெளியே நின்றார். அவசர நிதியில் அப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு ஒரு உதவி உண்டு. அவன் பேர் பட்டியலில் இல்லாததால் அது கிடைக்கவில்லை. லெட்சுமி அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. பதியாமல் போனாரே, அவருக்கு எப்போதும் அவசரம்தான் என்று அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

எட்டாம் நாள் ஆபீஸுக்குப் போனேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஐயா தனியாக இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"பெருமாள், அவன் எப்பிடி மேல போனவன் எண்டு உமக்கு ஏதும் தெரியுமோ?"

"தெரியாதுங்க."

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அந்தக் கூட்டத்துக்குக் கங்காணியாக இருந்தேன். ஒவ்வொரு தீக்கும் பேர் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஏழாவது கதவில் நின்று, பிறகுதான் எட்டுக்குப் போவேன். ஐயா மாற்றலாகிப் போனார், அங்கேயே காலமானார் என்று கேள்விப்பட்டேன். லெட்சுமி மகளோடு மடுல்சீமைக்குப் போய்விட்டாள். போன வாரம் பஸ் ஏறிப் போய் அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். வெளியே வரவில்லை. நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

இதுவரை சொன்னதை எழுதிக்கொண்டே வந்த ஜோசப் கிளாக்கர், வரலைங்க என்று நான் சொன்ன இடத்திலேயே ஒருமுறை பேனாவை நிறுத்தினார். பிறகு எழுதினார். இப்போது பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அவருக்கும் இன்றைக்குத்தான் தெரியும். 

"அன்னைக்கு ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார்.

பட்டியல் முடிஞ்சு கையெழுத்தும் ஆயிருச்சே, அதுக்கப்புறம் யாரு பேரைச் சேப்பாங்க என்றேன்.

"பெருமாள், நான் எப்பவும் கடைசிப் பேருக்குக் கீழ ரெண்டு வரி வெறுமையா விட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். பிந்தி வர்ற ஆளுக்கு. ஒருநாளும் விடாம இருந்ததில்ல. ஐயாவுக்கும் தெரியும், அவர் சொல்லித்தான் விடுவேன். நீ பாத்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன். கையெழுத்துக்கு விட்ட இடம் என்று நினைத்திருந்தேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, இடம் தெரியாதா? மூன்று மணிக்கு இறங்கினபோதுகூட அந்தத் தாள் ஜீப்பின் மூக்கில்தான் இருந்தது. அப்போது வாயைத் திறந்திருந்தால் பேரும் ஏறியிருக்கும், ஆளையும் தேடியிருப்பார்கள்.

எவ்வளவு இடம், காட்டுங்க என்றேன்.

கிளாக்கர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். மேலே முப்பத்திரண்டு பேருக்கு. கீழே ஐயா கையெழுத்து. நடுவில் வெறும் இரண்டு வரி. இவ்வளவுதான் என்று தாளை என் பக்கம் திருப்பினார். நான் அதன் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் அகலம்கூட இல்லை. இரண்டு வரியும் விரலுக்குக் கீழே மறைந்துபோனது.